குரல் முதலில், முகம் பிறகு

2025 ஏப்ரல் 4, வெள்ளி

புதுச்சேரியிலிருந்து ராத்திரி பஸ். மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கும்போது விடிந்திருந்தது. கடைசிப் பருவத்துக்கு ஒரு நாடகம் தயாரித்துக் காட்ட வேண்டும். அதைச் சொந்த ஊரிலேயே செய்யலாம் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். ஒரு சினிமாக் கட்டுரையும் பாக்கி இருக்கிறது, தமிழ்ப் படங்களில் கதாநாயகன் முதன்முதலில் தலைகாட்டும் காட்சியைப் பற்றி. "ஒண்ணை முடிச்சிட்டு இன்னொண்ணைத் தொடேன்" என்கிறார் அம்மா. எனக்கு இரண்டும் பக்கத்தில் கிடந்தால்தான் வேலை ஓடும். எழுத்து அலுத்தால் ஒத்திகை, ஒத்திகையில் தொண்டை கட்டினால் எழுத்து.

ஏப்ரல் 5, சனி

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, உசிலம்பட்டிப் பக்கம் அப்பத்தா ஊருக்குப் போனேன். ஊருக்கு வெளியே முன்பு டூரிங் டாக்கீஸ் இருந்த இடம் இப்போது முள்ளுக்காடு. அங்கே இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர். அதனால் ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டுவிடுவார்களாம். அடுத்த ரீலை மாட்டும்வரை ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒரே பேச்சு. மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்தவர்களோடு பின்வரிசை போடும் சண்டையும் அப்போதுதான்.

"படத்தை விட அந்த வெளக்குப் போட்ட நேரந்தேன் தாயி நல்லாருக்கும். யாரு யாரு வந்திருக்காகன்னு தெரியும்ல? உங்க பெரிய அத்தைக்குச் சம்பந்தம் பேசுனதே அங்கதேன்."

அவ்வளவுதான், எனக்கு நாடகம் கிடைத்துவிட்டது. படம் ஓடும்போது மேடை இருட்டு. ரீல் மாற்றும்போது வெளிச்சம். மணலில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்கள் விட்டுவிட்டுப் பேசி, படம் முடிவதற்குள் ஒரு கல்யாணத்தை முடிவு செய்கிறார்கள். அந்தப் படம் என்ன படம் என்று கடைசிவரை யாருக்கும் தெரிய வேண்டாம். பெரிய அத்தையிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் கோபக்காரர்.

ஏப்ரல் 7, திங்கள்

கட்டுரை நகரவில்லை. போனில் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் செருப்பு, பிறகு கை, பிறகு முதுகு, கூட்டம் வாய் பிளக்கிறது, கடைசியில் முகம். எந்தக் காலத்துப் படத்தை எடுத்தாலும் இந்த வரிசை பெரிதாக மாறவில்லை. மாறவில்லை என்று எழுதுவது சுலபம். ஏன் இப்படி என்று கேட்டால் "ரசிகர்களுக்காக" என்று ஒரு வரியில் தப்பித்துக்கொள்கிறோம். நம் சினிமா எழுத்தில் எனக்குப் பிடிக்காதது இதுதான். கதையைச் சொல்வோம், வசனத்தை எடுத்துப் போடுவோம், அரசியலைப் பிரித்து மேய்வோம். ஆள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தான், வர எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான் என்பதை யாரும் எழுதுவதில்லை. ஒத்திகையில் ஒருவரை வாசலிலிருந்து நாற்காலிவரை நடக்கவைத்துப் பார்த்தால் தெரியும், அந்த நாலு எட்டில் எவ்வளவு சங்கதி இருக்கிறதென்று.

ஏப்ரல் 10, வியாழன்

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பங்குனிப் பொங்கல். நேற்று ராத்திரி முழுக்க 'வள்ளி திருமணம்' நாடகம். இப்போதுதான் வீடு வந்தேன், கண் எரிகிறது, ஆனால் எழுதாமல் படுத்தால் பாதி போய்விடும்.

ஸ்பெஷல் நாடகம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இதில் கம்பெனி கிடையாது. நாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன், டான்ஸ், நாரதர், ஆர்மோனியம், மிருதங்கம் என்று எல்லோரையும் தனித்தனியாகப் பேசிக் கூட்டி வருகிறார்கள். நோட்டீஸில் எல்லார் படமும் இருக்கும். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. மேடைக்குப் பின்னால் பவுடர் போடும்போதுதான் "அண்ணே, எந்த ஊரு?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஆனாலும் விடியவிடிய நாடகம் நடக்கிறது. காரணம், அந்தக் கால நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுவிட்டுப் போன பாட்டும் வரிசையும் எல்லோருக்கும் மனப்பாடம். நாங்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டும் மேடையில் முழிக்கிறோம்.

முதலில் பபூன் வந்தார். சிரிக்கவைப்பது அவர் வேலையில் பாதிதான். கூட்டத்தை உட்காரவைப்பது, சலம்புகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அடக்குவது, மைக் சரியில்லை என்று ரேடியோ செட்டுக்காரரைக் கிண்டலடித்தே சரிசெய்ய வைப்பது என்று மீதிப் பாதி இருக்கிறது. நம் படங்களில் கதையோடு ஒட்டாமல் தனியாக ஓடிய காமெடி டிராக்கைக் குறை சொல்லியே எழுதுவார்கள். நேற்று இவரைப் பார்த்தபோது அதன் தாய்வீடு எது என்று சந்தேகமே வரவில்லை. என்.எஸ்.கிருஷ்ணன் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியிலிருந்து சினிமாவுக்குப் போனவர்தானே.

வள்ளிக்கும் நாரதருக்கும் நடந்த தர்க்கம் நீண்டுகொண்டே போனது. அதற்கும் கைதட்டல். அப்புறம், நான் எதற்காகப் போனேனோ அது நடந்தது. வேலனாக, அதாவது முருகனாக, வர வேண்டிய ராஜபார்ட் இன்னும் வரவில்லை. படுதாவுக்குப் பின்னாலிருந்து பாட்டு மட்டும் வந்தது. ஆர்மோனியக்காரர் தலையைத் திருப்பாமல் சுருதியைப் பிடித்துக்கொண்டார். படுத்திருந்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். பக்கத்திலிருந்த பெரியவர் "நல்ல சாரீரம்" என்றார். முகத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை, அதற்குள் ஆள் பாஸ்!

தூக்கம் வருகிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

கட்டுரைக்கு வழி பிறந்துவிட்டது.

மேடையில் குரல் முதலில், முகம் பிறகு. சினிமாவில் கால், கை, முதுகு, முகம், எல்லாம் முடிந்துதான் குரல். வரிசை எப்போது தலைகீழானது?

மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது குரல்தான். முகத்தைப் பாதிப்பேர் பார்த்திருக்கவே மாட்டார்கள். நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933இல் இறந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தச் சின்ன வாழ்வுக்குள் அவர் எட்டிய புகழெல்லாம் குரலால் வந்தது. 1931இல் தமிழ்ப் படம் பேச ஆரம்பித்ததும் மேடையிலிருந்துதான் ஆட்கள் போனார்கள். தியாகராஜ பாகவதர் தன் பாட்டைத் தானே பாடினார். அதுவரை குரலும் முகமும் ஒரே ஆளிடம் இருந்தன.

பிறகு பின்னணிப் பாட்டு வந்தது. 1952 தீபாவளிக்கு நம்ம ஊர் தங்கம் தியேட்டர் 'பராசக்தி'யோடு திறந்தபோது, திரையில் பேசியது மேடையிலிருந்து வந்த சிவாஜி, பாடியது சி.எஸ்.ஜெயராமன். அப்புறம் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் ஒரே மதுரைக்காரர், டி.எம்.சௌந்தரராஜன், பாடினார். பாடும் குரல் இன்னொருவருடையது என்று ஆனபிறகு, அதை முன்னால் அனுப்பி "இதோ வருகிறேன்" என்று எப்படிச் சொல்வது? குரல் வந்தால் பாடகருக்கல்லவா கைதட்டுவார்கள்? அதனால்தான் உடம்பைத் துண்டுதுண்டாக முன்னால் அனுப்புகிறார்கள் என்பது என் ஊகம். இதற்கு ஒத்துவராத படங்களும் இருக்கும். யாராவது எடுத்துக்காட்டினால் சந்தோஷமாகச் சண்டை போடலாம்.

'அபிமன்யு சுந்தரி' முழு நாடகத்தையும் சங்கரதாஸ் சுவாமிகள் ஒரே ராத்திரியில் எழுதினார் என்று டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே.சண்முகம் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் இரண்டாவது பத்தியில் இருக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வடை, பாயசம், தூக்கம்.

ஏப்ரல் 19, சனி

செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை. கீழே விசைத்தறிச் சத்தம், மேலே வெயில். ஐந்து மணிக்கு மேல்தான் தரையில் கால் வைக்க முடிகிறது. நடிப்பவர்கள் பக்கத்து வீட்டு அக்கா, அவருடைய நாத்தனார், என் அத்தை மகன். அக்காவுக்கு நடிப்பு புதிது. ஆனால் சம்பந்தம் பேசுவது புதிதில்லை. "இந்த இடத்துல நான் நேரடியா நகை கேக்க மாட்டேன்டி. பொண்ணு காதுல என்ன போட்டிருக்குன்னு மட்டும் கேப்பேன்" என்றார். என் வசனத்தை விட அது நன்றாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டேன்.

தொடக்கத்தையும் மாற்றியாயிற்று. வெளிச்சம் வந்ததும் பெண்கள் மணலில் உட்கார்ந்திருப்பதுபோல முதலில் எழுதியிருந்தேன். பார்த்தால் காலண்டர் படம். இப்போது இருட்டில், பார்ப்பவர்களுக்குப் பின்னாலிருந்து, "முறுக்கேய்... சுண்டல்..." என்று அத்தை மகன் குரல் வரும். குரல் அவர்களுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தபிறகுதான் விளக்கு.

ஏப்ரல் 26, சனி

அப்பத்தா ஊர் மந்தையில் போட்டோம். மேடை இல்லை, ஒரு டிராக்டர் மணல், மூங்கிலில் கட்டிய இரண்டு விளக்கு. பெரிய அத்தை முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

விளக்கை அணைத்ததும் "கரண்டு போச்சு" என்று ஒரே கூச்சல். அதற்குள் பின்னாலிருந்து முறுக்குக் குரல். நிஜமான வியாபாரி என்றே நினைத்துவிட்டார்கள். "ஏப்பா, எவ்வளவு?" என்று ஒரு பாட்டி கேட்க, அத்தை மகன் நாடகத்தின் காலத்துக்கு ஏற்றபடி "ரெண்டு பைசா" என்றான். சிரிப்பு அடங்க நேரமானது. ஒரு பையன் விடாமல் காசை நீட்டிக்கொண்டே கூட வந்தான். கூடையில் இருந்ததோ பழைய பேப்பர். பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "வெறுங்கூடையத் தூக்கிட்டுத் திரியுறான் பாரு" என்று வைத ஏச்சு கடைசி வரிசைவரை கேட்டது.

இரண்டாவது ரீலிலிருந்து சரியாகப் பிடித்துக்கொண்டது. விளக்கு அணையும்போதெல்லாம் "ஏய், பேசி முடிக்கட்டும்யா" என்று குரல் வந்தது. படத்தை ஓட்டாதே என்று சண்டை போடும் ஜனம்! நகை விஷயத்தில் பெண்கள் பக்கம் பெரிய விவாதமே நடந்தது. அக்கா அதற்கும் நடுவே பதில் சொல்லிச் சமாளித்தார், ஒரு பபூனைப் போல. நான் சொல்லித் தந்தது இல்லை.

முடிந்ததும் பெரிய அத்தை என்னைத் தனியே கூப்பிட்டார். "மாப்பிள்ளை வீட்டுக்காரக இம்புட்டு நல்லவுகளா இல்ல. அதையும் போடு" என்றார்.

ஏப்ரல் 28, திங்கள்

கட்டுரையை அனுப்பிவிட்டேன். முதல் பத்தியில் செருப்பு இல்லை, படுதாவுக்குப் பின்னாலிருந்து வந்த பாட்டு இருக்கிறது. தலைப்பைத்தான் மாற்றச் சொல்வார்கள், பார்க்கலாம்.

அடுத்த ஆட்டம் செல்லூரில், அதன்பிறகு புதுச்சேரியில் தேர்வுக்காக. பெரிய அத்தை சொன்ன மாப்பிள்ளை வீட்டு விவகாரத்தை மூன்றாவது ரீல் மாற்றத்தில் சேர்க்கிறேன். அக்காவும் நாத்தனாரும் இன்றைக்கே அதைப் பேசிப் பார்த்தார்கள். நிஜமாகவே சண்டை வந்துவிட்டது, நல்ல அறிகுறி. கூடைக்கு அம்மா முறுக்கு சுட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், எண்ணெய்க்குக் காசு நான் கொடுக்க வேண்டுமாம். விலை இரண்டு பைசாதான், அதில் மாற்றமில்லை.