கண்ணுக்குள் ஓடும் ரத்தம்

அம்மாவின் விழித்திரைப் படத்தில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளி ஒன்றை டாக்டர் இன்று காட்டினார்.

"நுண்நாளம் லேசா வீங்கியிருக்கு. சர்க்கரையோட வேலை."

"எனக்குப் பார்வை நல்லாத்தானே தெரியுது?" என்றார் அம்மா.

அதுதான் பயமே. ஆரம்பத்தில் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழித்திரையைக் காட்டிவிடுங்கள், தயவுசெய்து.

விழித்திரையை எப்படிப் படமெடுக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். மெல்லிய லேசர் கற்றையை விழித்திரைமேல் வரிவரியாக ஓட்டிப் படமெடுக்கும் முறையை 1980இல் ராபர்ட் வெப் குழு வெளியிட்டது. 2002இல் ஆஸ்டின் ரூர்டா குழு, தொலைநோக்கிகளில் வளிமண்டலக் கலங்கலைச் சரிசெய்யும் நெளியும் பிரதிபலிப்புக் கண்ணாடியை அதோடு சேர்த்தது. ஒவ்வொருவர் கண்ணும் ஒளியை ஒவ்வொரு விதமாகக் கலைக்கும். அதற்கு ஏற்றபடி இந்தக் கண்ணாடி நொடிக்குப் பலமுறை வளைந்து கொடுக்கிறது.

அப்புறம் தெரிவதை நம்பவே முடியவில்லை. நிறங்களை உணரும் கூம்பு செல்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. தலைமுடியைவிட மெல்லிய நாளத்தில் ரத்த அணுக்கள் வரிசையாகப் போகின்றன. சாயம்கூட ஏற்றவில்லை!

பாஸ்டனின் ஜோஸ்லின் நீரிழிவு மையத்தில் இதை வைத்து நீரிழிவு உள்ளவர்களின் கண்களை ஆராய்ந்திருக்கிறார்கள். நாளம் எங்கே வீங்குகிறது, எங்கே அடைபடுகிறது என்பதை உயிருள்ள கண்ணிலேயே, செல் அளவில் பார்க்கிறார்கள்.