லண்டன் கிளியும் திருமங்கலத்துக் கிளியும்

போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல எங்க பெரியவ தான் வரைஞ்ச படத்தைத் தூக்கிக் காட்டி, "அம்மாச்சி, இது எங்க லண்டன் பேர்ட், பாரகீட். உங்க ஊர்ல இருக்கா?"ன்னு கேட்டா. பச்சை உடம்பு, செவப்பு மூக்கு, கழுத்தைச் சுத்தி ரோஸ் கலர்ல ஒரு ஆரம். நம்ம கிளியேதான். மீனாட்சி கையில கிளியோட நிக்கிற ஊர்ல பொறந்து வளர்ந்த பொம்பளைகிட்ட கிளி இருக்கான்னு ஒரு கேள்வி! எங்கம்மா சிரிச்ச சிரிப்புல அங்க போனே ஆடுச்சு. நானும் சிரிச்சேன், ஆனா ராத்திரி படுத்தா தூக்கம் வரல. எம்மகளுக்கு கிளின்னா நாங்க இருக்குற லண்டன் ஹௌன்ஸ்லோ, அம்மாச்சி ஊரு அப்புறம்தான்.

நாங்க இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலம் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. எட்டு மணிக்குத்தான் விடியுது, நாலு நாலரைக்கெல்லாம் இருட்டு. குளிரைக் கூடப் பொறுத்துக்கலாம், சத்தமே இல்லாததுதான் தாங்க முடியல. ஊர்ல காக்கா, மைனா, பால்காரர் சைக்கிள் மணி, கோயில் ஸ்பீக்கர்னு எல்லாம் சேர்ந்துதான் எழுப்பிவிடும், இங்க டபுள் க்ளேசிங் ஜன்னலுக்கு மேல ஹீத்ரோவுக்கு எறங்குற ப்ளேன் மட்டும்தான். அப்படி ஒரு ஜனவரி காலையில பாத்திரம் கழுவிட்டு இருக்கும்போது "கீய்ய், கீய்ய்"னு ஒரு கத்தல். சோப்புக் கையோட ஓடிப்போய் கதவைத் திறந்தா ஒத்த இலை இல்லாத ஆப்பிள் மரத்துல பச்சைப் பசேல்னு நாலஞ்சு கிளி! அந்தக் குளிர்ல, செருப்புக்கூடப் போடாம எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியல.

இதுங்க இங்க எப்படி வந்துச்சுங்கன்னு பெரிய பெரிய கதை இருக்கு. கிட்டார் வாசிப்பாரே ஜிமி ஹென்ட்ரிக்ஸ், அவர் ஒரு ஜோடியைப் பறக்க விட்டாராம், 1951ல வந்த ஒரு படத்தோட ஷூட்டிங்ல இருந்து தப்பிச்சதாம். 2019ல ஒரு ஆராய்ச்சி வந்து அந்தக் கதைக்கெல்லாம் ஆதாரம் இல்லைன்னு சொல்லிருச்சு. வீடுகள்ல கூண்டுல வளர்த்ததுங்க அங்கங்க தப்பிச்சு, 1969ல கென்ட் பக்கம் கூடு கட்டி, அப்படியே பெருகினதுதான் இவ்வளவும். கூண்டுக்குள்ள இருந்து தப்பிச்சு பனியிலயும் பொழைச்சுக் கெடக்குதுங்க, எனக்கு இதுதான் பெரிய கதையாத் தெரியுது.

படம் வரையுற பழக்கம் வந்தது பறவைக் கணக்கெடுப்பால. ஆர்எஸ்பிபின்னு இங்க பறவைகளைப் பாதுகாக்குற அமைப்பு 1979ல இருந்து ஜனவரி கடைசி வாரக் கடைசியில இதை நடத்துது. ஒரு மணி நேரம் தோட்டத்தைப் பார்க்கணும், பறந்து போறதைச் சேர்க்கக் கூடாது, வந்து உக்கார்றதை மட்டும்தான் எண்ணணும், அதுவும் ஒரே சமயத்துல அதிகபட்சமா எத்தனை கண்ணுல பட்டுச்சுங்கறதுதான் கணக்கு. நாடு முழுக்க இப்ப பல வருஷமா முதல்ல வர்றது எது தெரியுமா, நம்ம சிட்டுக்குருவி. பிள்ளைங்க ஒரு மணி நேரம் சும்மா உக்காருமா? அதுக்காக ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் குடுத்தேன். உடம்புக்கு ஒரு பெரிய முட்டை, தலைக்கு ஒரு சின்ன முட்டை, வாலுக்கு ஒரு கோடு, அவ்ளோதான் ஆரம்பம், ரப்பர் மட்டும் கிடையாது. ராபின்னு ஒரு சின்னக் குருவி, ஒரே இடத்துல நெஞ்சை நிமித்தி நிக்கும், அதனால அது எல்லாருக்கும் வந்துரும். ப்ளூ டிட்ங்கற குருவி ஒரு நிமிஷம் நிக்காது, சின்னவன் நோட்டு பூரா வால் மட்டும்தான் இருக்கு. அவன் வரைஞ்ச சாம்பல் அணிலைப் பார்த்துட்டு எங்கம்மா "முதுகுல மூணு கோட்டைக் காணோமேடா, ராமர் தடவலையா?"ன்னு கேட்டுச்சு, அவன் ராமர் யாரு எதுக்குத் தடவணும்னு கேக்க, அன்னைக்குத் தூங்குற வரைக்கும் சேது பாலம்தான்.

ஆனா கிளிதான் வரைய வாகானது, நிதானமாத் திங்கும். சூரியகாந்தி விதையை மூக்குலயே வச்சு உருட்டி உருட்டி நாக்கால தோலை மட்டும் தள்ளும், கடலைப்பருப்பா இருந்தா ஒரு காலால பிடிச்சு வாய்க்குக் கொண்டு போகும். அப்பத்தான் பெரியவ கத்துனா, "அம்மா, இதுக்கு முன்னாடி ரெண்டு விரல், பின்னாடி ரெண்டு விரல்!" ராபினுக்கு முன்னாடி மூணு, பின்னாடி ஒண்ணு. இத்தனை வருஷம் கிளியைப் பார்த்திருக்கேன், நான் எண்ணினதே இல்ல.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இதுங்களைக் கண்டாலே ஆகாது. காது கிழியுது, சின்னப் பறவைங்களைத் திங்கவிடாம விரட்டுதுங்கறார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, கிளி இருக்கும்போது மத்த குருவிங்க கம்மியாத்தான் திங்குதுன்னு ஆராய்ச்சியிலயும் சொல்லியிருக்காங்க. அதனால சின்ன ஓட்டை வச்ச கம்பிக்கூட்டு ஃபீடர் ஒண்ணு தனியா வாங்கி மாட்டுனேன், குருவி மட்டும்தான் உள்ள நுழைய முடியும். வாரா வாரம் வெந்நீர் ஊத்திக் கழுவி வைக்கிறேன். மத்தபடி பழகிருச்சு, இதுதான் நம்ம வீடுன்னு மனசும் ஒத்துக்கிருச்சுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். ஆனா சாயங்காலம் கிளிக்கூட்டம் அடையப் போறப்ப அந்தக் கத்தல் கேட்டுச்சுன்னா நான் ஹௌன்ஸ்லோவுல இல்ல, திருமங்கலம் பக்கம் எங்க தாத்தா சோளக்காட்டுல நிக்கிறேன். அரைப்பரீட்சை லீவுல கதிர் பால் பிடிச்சிருக்கும், என்னையும் அண்ணனையும் பரண்ல ஏத்திவிட்டுட்டுப் போயிருவாங்க, வெயில் சாயுற வரைக்கும் தகர டின்னைத் தட்டிட்டு "ஆலோலம் ஆலோலம்"னு கத்தணும். தொண்டை கட்டிப்போகும், அப்பத்தா பனங்கற்கண்டு போட்டுப் பால் குடுக்கும். அன்னைக்கு டின்னைத் தட்டி விரட்டுன கிளிக்கு இங்க பவுண்டு குடுத்து மூட்டையில விதை வாங்குறேன், எங்க தாத்தா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ.

அந்த வீடியோ காலுக்கு அப்புறம் அண்ணன் ஒரு போட்டோ அனுப்பிச்சாரு, எங்க வீட்டுக் கொய்யா மரத்துல உக்காந்திருக்குற கிளி. பெரியவ போனை வாங்கிப் பெருசாக்கிப் பார்த்துட்டு, "இது வேற அம்மா, கீழ் மூக்கு கருப்பா இருக்கு"ன்னா. தோட்டத்துல பார்த்தா எங்க கிளிக்கு மேல கீழ ரெண்டுமே செவப்பு. தேடிப் படிச்சா அவ சொன்னது சரி, தென்னாட்டுக் கிளிக்குத்தான் கீழ் மூக்கு கருப்பு. ஐரோப்பாவுல இருக்குறதுங்க பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியப் பக்கத்து வம்சம்னு 2015ல டிஎன்ஏ வச்சே சொல்லிட்டாங்க. நான் எங்க ஊர்ச் சத்தம்னு நெனச்சு ஓடினது லாகூர்ச் சத்தமோ டெல்லிச் சத்தமோ! கொஞ்ச நேரம் நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சு, அதுக்காக மறுநாள் சாயங்காலம் அந்தக் கத்தல் கேட்டு வெளிய ஓடாம இருந்தேனா என்ன.

ஆகஸ்ட் லீவுக்கு ஊருக்குப் போறோம். சோளக்காட்டை வித்தாச்சு, இப்ப அங்க ப்ளாட் கல்லு நட்டிருக்கு, கிளியைப் பார்க்கணும்னா கொய்யா மரம்தான். கருப்பு மூக்கை நேர்ல பார்த்து வரையணும், அதுவரைக்கும் ஒருத்தரும் கொய்யாக் காயைப் பறிக்கக் கூடாதுன்னு பெரியவ இப்பவே அம்மாச்சிகிட்ட சத்தியம் வாங்கிட்டா. இப்ப எங்கம்மா காலையில இருந்து கம்பும் கையுமா உக்காந்து தெருப் பசங்களை விரட்டிட்டு இருக்காம்.