சராசரியில் தெரியாத தாமதம்

மலேசியாவில் லாபிஸ் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலைகளின் எடைப்பதிவு மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. லோரி எடை மேடையில் ஏறியதும் எடை, லோரி எண், தோட்டத்தின் பெயர் எல்லாம் இணையச் சேவை வழியாக சர்வருக்குப் போகும். பதிவு எண் திரும்பி வந்தால்தான் கிராணி, அதாவது எடை மேடை குமாஸ்தா, சீட்டை அச்சடிக்க முடியும். வெட்டிய குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும். 24 மணி நேரத்துக்குள் அவித்துவிடத்தான் எந்த ஆலையும் பார்க்கும். சாயங்காலம் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். சோதனையும் அந்த நெரிசலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

சர்வருக்கு நிறைய கோரிக்கைகளை அனுப்பிப் பார்க்கும் லோடு டெஸ்ட் முடிந்ததும், பதில் வரும் நேரத்தின் சராசரியைத்தான் எல்லாரும் கேட்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 100 கோரிக்கைகளில் 95க்கு 0.2 விநாடியில் பதில், மீதி 5க்கு 8 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 0.59 விநாடி. அந்த நேரத்தில் பதில் வாங்கியவர் ஒருவர்கூடக் கிடையாது! 95ஆம் பெர்சென்டைலும், அதாவது 100இல் 95 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்ற அளவும், 0.2 என்றே சொல்லும். 99ஐப் பார்த்தால்தான் அந்த 8 விநாடி வெளியே வரும்.

"சுத்திக்கிட்டே இருக்கு தம்பி, பின்னால ஹாரன் அடிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு கிராணி அண்ணன் பட்டனை மறுபடி அழுத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரே லோரிக்கு இரண்டு கோரிக்கை. திணறுகிற சர்வருக்கு இன்னும் சுமை. அந்த இரண்டாவது அழுத்தலையும் சோதனையில் சேர்த்தேன். ஒரே எடை இரண்டு முறை பதிவாகிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று. ஜேமீட்டர் என்ற சோதனைக் கருவியில் சாதாரணமாக ஒவ்வொரு போலிப் பயனரும் பதில் வந்த பிறகே அடுத்த கோரிக்கையை அனுப்புவார். சர்வர் மெதுவானால் சுமையும் தானாகக் குறைந்துவிடும். சாலையில் வருகிற லோரி அப்படி நிற்குமா? அதனால் வருகை வேகத்தை நிலையாக வைத்துச் சோதிப்பதே சரி. வரிசையில் காத்திருப்பது பற்றி ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961இல் நிரூபித்த கணக்கு இங்கே உதவும்: விநாடிக்கு 5 கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 0.2 விநாடி என்றால் சராசரியாக ஒரு கோரிக்கைதான் உள்ளே இருக்கும். அதுவே 8 விநாடி ஆனால் 40. டேட்டாபேஸ் கனெக்ஷன் 20தான் என்றால் மீதி வெளியே காத்துக் கிடக்கும்.

எங்கள் தாமதத்துக்குக் காரணம், அதே டேட்டாபேஸில் சாயங்காலம் ஓடிய மாதாந்திர அறிக்கை. அதை இரவுக்கு மாற்றியதும் 99ஆம் பெர்சென்டைல் ஒரு விநாடிக்குள் இறங்கியது. ஆனால் இதெல்லாம் சர்வருக்குப் பக்கத்திலிருந்து அளந்தது. அடுத்து எடை மேடை அறையின் இணைய இணைப்பிலிருந்தே அளக்கப் போகிறோம்.