ஓடாத சைக்கிளுக்கு ஒரு வரிசை

நேற்றுக் காலை தங்கை மகனோடு மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பினாங்குத் தீவுக்குச் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறினேன். பினாங்குப் பாலம் 1985இல் திறந்தது, 13.5 கிலோமீட்டர்; சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. ஃபெர்ரியிலோ, 2021 முதல் கார்களுக்குத்தான் இடமில்லை! இந்த ஒரு விஷயத்தில் கார்க்காரர்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன்.

தீவின் ஜார்ஜ் டவுன் நகரில், லிட்டில் இந்தியாவில் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் பசியாறிவிட்டு ஆர்மேனியன் தெருவுக்கு மிதித்தோம். 2012இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த சுவரோவியம் அங்கே இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் ஓவியம். அவர்கள் அமர்ந்திருக்கும் சைக்கிள் மட்டும் நிஜம். சுற்றுலா பஸ்ஸில் வந்தவர்கள் அதைத் தொட்டுப் படமெடுக்க வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். "மாமா, நம்ம சைக்கிளை யாரும் படம் எடுக்கவில்லையே?" என்றான் பையன்.

2008இல் உலகப் பாரம்பரியத் தகுதி பெற்ற நகரம் இது. தெருக்கள் மாட்டுவண்டிக் காலத்து அகலம். பஸ்ஸில் போனால் நான்கு இடம் பார்க்கலாம். சைக்கிளில் போனால் பூக்கடை வாசம், அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், காயும் ஊதுபத்தி, கேட்டவுடன் வழி சொல்லும் பாட்டி எல்லாம் கிடைக்கும். செலவழிக்கும் காசும் அந்தச் சின்னக் கடைகளுக்கே போகிறது.

குறை ஒன்று உண்டு. வண்ணம் பூசிய சைக்கிள் பாதையில் கார்களை நிறுத்திவிடுகிறார்கள். மூன்று இடத்தில் இறங்கித் தள்ளினோம். மூன்றாவது காரின் கண்ணாடியில் 'பசுமை காப்போம்' என்று ஒட்டியிருந்தது.

அடுத்த வாரம் தீவின் மறுபக்கத்துப் பாலிக் புலாவ் வயல்வெளி. மலையேற்றத்தைப் பையனிடம் இன்னும் சொல்லவில்லை.