நீளும் ரப்பரும் நீளாத வயரும்

நீளும் சென்சார் செய்யும் சிலிக்கோன் ரப்பர் பட்டையை இரண்டு மடங்கு இழுத்துக் காட்டுவது சுலபம். உள்ளே ஓடும் மின்சாரத்தை வெளியே எடுக்கும் செம்பு வயரை அதில் நிற்கவைப்பதற்குள்தான் நாள்கள் ஓடிவிடும். வீணாகித் தூக்கிப்போட்ட சென்சார்களை எடுத்துப் பார்த்தால் பட்டையின் நடுப்பகுதி பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கும். வயர் நுழையும் முனையில்தான் கிழிந்திருக்கும்.

திரவ உலோகத்தை நுண்குழாயில் அடைத்துச் செய்யும் சென்சாரை எடுத்துக்கொள்வோம். இழுத்தால் உள்ளிருக்கும் உலோகத்தின் மின்தடை ஏறும். விரல் மூட்டு மடங்குவதை அளக்க இது தோதானது.

ரப்பருக்கு இரண்டு சிலிக்கோன்கள் அதிகம் புழங்குகின்றன. சில்கார்ட் 184 என்றால் எடைக் கணக்கில் 10 பங்கு பேஸ் (மூலத் திரவம்), 1 பங்கு கியூரிங் ஏஜென்ட் (இறுகவைக்கும் திரவம்). தெளிவாக இருக்கும், ஆனால் கொஞ்சம் விறைப்பு. இக்கோஃப்ளெக்ஸ் 00-30 என்றால் இரண்டு டப்பாவிலிருந்தும் சம அளவு. அறுவதற்கு முன் 900 சதவீதம் நீளும் என்கிறது தயாரிப்பாளரின் தாள். தோல்மேல் ஒட்டும் சென்சாருக்கு இதுவே சரி. கலந்தபின் 23 டிகிரியில் 45 நிமிடம் வேலை செய்யலாம், 4 மணி நேரத்தில் இறுகும். ஏசி இல்லாத சென்னை அறையில் அந்த 45 நிமிடத்தை நம்பக்கூடாது.

சில்கார்டில் ஒரு சூட்சுமம் உண்டு. அறை வெப்பத்தில் இறுகவிட்டால் அதன் விறைப்பு சுமார் 1.3 மெகாபாஸ்கல். 200 டிகிரி ஓவனில் வைத்தால் 3 மெகாபாஸ்கலை நெருங்கும். விகிதத்தைக் குறித்துவிட்டு ஓவன் சூட்டைக் குறிக்காத நோட்டுப்புத்தகத்தால் பயனில்லை.

கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து மூன்று நிமிடமாவது கலக்க வேண்டும். ஆம்லெட்டுக்கு முட்டை அடிப்பதுபோல் அடித்தால் காற்று ஏறிவிடும். அந்தக் காற்றை உறிஞ்சி எடுக்க வேக்கத்தில் (வெற்றிடக் கலத்தில்) வைக்கும்போது நுரை பொங்கி எழும். அதனால் கப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக்கூடாது. நுரை விளிம்பைத் தொடப்போனால் வால்வை ஒரு நொடி திறந்து மூடினால் அடங்கும்.

ஊற்றி மறுநாள் பார்த்தால் மேற்பரப்பு மட்டும் பிசுபிசுவென்று இருக்கும். புதியவர்கள் உடனே விகிதத்தைச் சந்தேகிப்பார்கள். முதலில் சந்தேகிக்க வேண்டியது கையுறையை. இவ்வகைச் சிலிக்கோன்கள் பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுபவை. கந்தகம், வெள்ளீயச் சேர்மம், அமீன் இவற்றில் எது பட்டாலும் பிளாட்டினம் செயலிழந்துவிடும். லேடெக்ஸ் கையுறையில் கந்தகம் உண்டு. சிலவகைக் களிமண்ணிலும் உண்டு. அதனால் வினைல் கையுறைதான் போட வேண்டும். ரெசினில் 3டி பிரிண்ட் செய்த அச்சும் இதே தொல்லையைத் தரும். அதை நன்றாகக் கழுவி, புற ஊதா ஒளியில் காட்டி, ஓவனில் நெடுநேரம் வைத்தபின்னும் ஓர் ஓரத்தில் சிறிது ஊற்றிச் சோதிப்பது நல்லது. மொத்தமாக ஊற்றிவிட்டால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

அச்சில் 0.5 மில்லிமீட்டர் அகலமும் 0.3 மில்லிமீட்டர் உயரமும் உள்ள மேடு இருந்தால் ரப்பரில் அதே அளவு பள்ளம் விழும். அதை மூட இன்னொரு தட்டை ரப்பர் தேவை. சில்கார்டை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்னேற்றம் பெற்ற ஆக்சிஜன் வாயுவில்) அரை நிமிடம் காட்டி உடனே ஒட்டலாம். தாமதித்தால் மேற்பரப்பு பழையபடி ஆகிவிடும். இக்கோஃப்ளெக்ஸுக்கு, கலந்த சிலிக்கோனையே மெல்லிய பசையாகத் தடவி, அது பாதி இறுகியதும் பள்ளமுள்ள பட்டையை மேலே வைப்பதே நம்பகமான வழி. பசை தடித்தாலோ தண்ணியாக இருந்தாலோ பள்ளத்துக்குள் ஏறி அடைத்துவிடும். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் நூல் இழுக்கக்கூடாது. அந்தப் பதத்தைக் கடிகாரம் காட்டாது.

உள்ளே ஏற்றும் உலோகக் கலவையில் எடையில் 75.5 சதவீதம் காலியம், 24.5 சதவீதம் இண்டியம். சுமார் 15.5 டிகிரியிலேயே உருகிவிடும். காலியம் மட்டும் என்றால் 29.8 டிகிரி வேண்டும், ஏசி அறையில் கெட்டியாகிவிடும். குழாயின் இரு முனையிலும் ஊசி குத்தி, ஒன்றில் உலோகத்தை மெதுவாகச் செலுத்தி, மற்றதில் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்றுபட்டதும் சில நானோமீட்டர் தடிப்பில் ஆக்சைடு படலம் உருவாகும். உலோகம் குழாயில் வடிவம் கலையாமல் நிற்பது அதனால்தான். ஊசிமுனை அடைத்துக்கொள்வதும் அதனால்தான். நடுவில் குமிழி சிக்கினால், சும்மா இருக்கும்போது தடை சரியாகக் காட்டி, இழுத்தவுடன் இணைப்பு அறுந்துபோகும். எனவே ஏற்றியதுமே இழுத்துப் பார்க்க வேண்டும்.

அலுமினியப் பொருள் எதுவும் மேசையில் இருக்கக்கூடாது. காலியம் அதன் படிகங்களுக்கு இடையே ஊடுருவி, கையால் நொறுக்கும்படி ஆக்கிவிடும். லேப்டாப் மூடியும் அலுமினியமாக இருக்கலாம்.

10 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தக் குழாயின் மின்தடை சுமார் 0.2 ஓம்தான். மல்டிமீட்டரின் கம்பிகளுக்கே ஏறக்குறைய அந்த அளவு தடை உண்டு. நான்கு வயர் முறையில் (மின்சாரம் செலுத்த இரண்டு, மின்னழுத்தம் அளக்க இரண்டு) அளக்காவிட்டால், அளப்பது சென்சாரையா கம்பியையா என்பதே தெரியாது. இழுக்கும்போது ரப்பரின் கன அளவு மாறாது, நீண்ட அளவுக்குக் குழாயின் குறுக்குவெட்டு சுருங்கும். ஆகவே நீளம் 1.5 மடங்கானால் தடை 2.25 மடங்கு. அளவீடு இதிலிருந்து வெகுவாக விலகினால் குமிழியோ கசிவோ இருக்கிறது. விரலால் அழுத்தினாலும் குழாய் நசுங்கித் தடை ஏறும். இழுப்பையும் அழுத்தத்தையும் இந்தச் சென்சாரால் பிரித்துச் சொல்ல முடியாது. மின்தேக்கி வகைக்கு (நீளும் இரு மின்படலங்களுக்கு நடுவே ரப்பர்) மாறினாலும் இந்தத் தொல்லை தீராது. ஆனால் அதில் நீளம் 1.5 மடங்கானால் கொள்திறனும் (மின்னூட்டம் தேக்கும் திறன்) 1.5 மடங்குதான், கணக்கு நேர்கோடு.

இனி வயர். இக்கோஃப்ளெக்ஸை இரு மடங்காக இழுக்க வேண்டிய தகைவு (பரப்பின் மீதான இழுவிசை) 0.07 மெகாபாஸ்கல். செம்பின் விறைப்பு ஒரு லட்சம் மெகாபாஸ்கலுக்கு மேல். பத்து லட்சம் மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு பொருள்கள் ஒரே கோட்டில் சந்திக்கின்றன. இழுக்கும்போது நீட்சி முழுவதும் அந்தக் கோட்டில் குவியும். வயரின் பிளாஸ்டிக் உறைமேல் சிலிக்கோன் ஒட்டாது என்பதால் வயர் உருவிக்கொண்டும் வரும். கூடுதல் பசை பூசுவது பலரும் செய்யும் வேலை. அதனால் விறைப்பு மாறும் கோடு சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வினிகர் வாடை வீசும் கடைச் சீலன்ட் இன்னும் மோசம், அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும்.

விறைப்பைப் படிப்படியாகக் குறைப்பதே தீர்வு. சிலிக்கோன் உறை போட்ட பல இழை வயரை எடுத்து, உள்ளே எஸ் வடிவில் வளைத்து, குழாய்முனையில் 3 மில்லிமீட்டர் வட்டக் குழியில் முடிக்க வேண்டும். அதைச் சுற்றிச் சில்கார்டும் அதற்கு அப்பால் இக்கோஃப்ளெக்ஸும் வரட்டும். இரண்டையும் முழுதாக இறுகுமுன் அடுத்தடுத்து ஊற்றினால் பிரியாமல் பிணையும். வயர் முனைக்கு அப்பால் 10 மில்லிமீட்டர் வரை நீளாத நைலான் வலைத்துணியைப் புதைத்தால், வயரில் விழும் இழுப்பைத் துணி ஏற்றுக்கொள்ளும். துணியை நேராக வெட்டினால் அந்த வெட்டுக்கோட்டிலேயே அடுத்த கிழிசல் தொடங்கும். சீப்புப் பல் போல நறுக்கியது அதிக நாள் நின்றிருக்கிறது.

சோதனைக்கு வைத்ததும் முதல் பத்திருபது இழுப்புகளின் அளவீட்டைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. முதல் இழுப்புகளில் ரப்பர் சற்று இளகி, பிறகுதான் ஒரு நிலைக்கு வரும். அதற்குப் பின்னும் நேராக இழுத்துப் பார்த்ததோடு நிறுத்தினால் போதாது. கையில் கட்டியவர் சட்டை மாட்டும்போது வயர் பக்கவாட்டில்தான் இழுபடும். வயரைப் பட்டைக்குச் செங்குத்தாகத் திருப்பி இன்னொரு சுற்று இழுக்க வேண்டும்.