பறை காய்ச்சிய இரவு

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவினர் முதன்முறையாக மேடையேறியபோது, நான் கூட்டத்தில் நின்று கேட்ட ஒரு பறைக் கலைஞன். சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட ‘சாதியற்ற தமிழர்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது என்று அறிந்தபோதே அவர்கள்மேல் பெருமதிப்பு உண்டாயிற்று.

பின்னொரு மார்கழி இரவில் அவர்களோடு ஒரே மேடையில் வாசிக்கும் வாய்ப்பு எனக்கு அமைந்தது. பனியில் தோல் தளர்ந்துவிட்டதால் மேடைக்குப் பின்னால் தீமூட்டிப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அக்குழுவில் ஒருவர் அருகில் வந்தமர்ந்து, தோல் இறுகி ஓசை எழும்வரை பொறுமையோடு காத்திருந்தார். அந்த மரியாதையை நான் மறக்கவே மாட்டேன்.

கானாவும் கிட்டாரும் டிரம்ஸும் பறையடிக்கும் என் அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் ஒரே தாளத்தில் சேர்ந்த அந்தச் சில நிமிடங்களில், இழவு வீடுகளின் வாசலில் மட்டுமே நின்று வாசித்த என் தந்தையின் முகமே கண்முன் இருந்தது.