ஏபிசி (APC) மரபணுப் பரிசோதனை பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்த பிறகு

அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில், கட்டியோடு நிறைய பாலிப்களும் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சிகள்) இருந்ததால், அறுவை சிகிச்சை முடிந்த கையோடு மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார் டாக்டர். நானும் தங்கையும் எங்களுக்கும் சேர்த்தே எடுத்துவிடலாம் என்றோம். மரபணு நோய்கள் பற்றி ஆலோசனை சொல்லும் ஜெனிடிக் கவுன்சிலர் வேண்டாம் என்றார். முதலில் நோய் வந்தவருக்குத்தான் பார்க்க வேண்டுமாம். அவருக்கு மரபணுவில் பிழை எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான், பிள்ளைகளுக்கு 'இல்லை' என்று வரும் ரிப்போர்ட்டை நம்ப முடியும். அவசரப்பட்டிருந்தால் வெறும் குழப்பம்தான் மிஞ்சியிருக்கும்.

அப்பாவுக்கு ஏபிசி மரபணுவில் பிழை. கட்டி வளராமல் அடக்கிவைக்கும் மரபணுக்களில் அதுவும் ஒன்று. பிள்ளைகளுக்கு வர ஐம்பது சதவீத வாய்ப்பு. தங்கைக்கு இல்லை, எனக்கு இருந்தது.

"அப்படியென்றால் எனக்கு ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டதா?" என்று கேட்டேன். இல்லை என்றார் கவுன்சிலர். ஒவ்வொரு செல்லிலும் இந்த மரபணு இரண்டு பிரதி இருக்கிறது. எனக்கு ஒன்று பிறவியிலேயே பழுது, இன்னொன்று ஒழுங்காக வேலை செய்கிறது. ஏதாவது ஒரு குடல் செல்லில் அதுவும் போனால்தான் வம்பு. 1971இல் ஆல்ஃபிரட் நட்சன் என்ற மருத்துவ ஆய்வாளர் குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை வைத்துச் சொன்ன 'இரண்டு அடி' (two-hit) கணக்கு இது. ஒரு பிரதி பழுதாவது ஓர் அடி. மற்றவர்களுக்கு ஒரே செல்லில் இரண்டு அடியும் விழ வேண்டும், எனக்கு ஒன்றே போதும். இத்தனை கோடி செல்களில் எங்காவது அது விழாமல் இருக்காது.

விழுந்தால்? பீட்டா-கேட்டனின் என்ற புரதம் செல்லில் சேரச் சேர அழிக்க உதவுவது ஏபிசியின் வேலை. அது இல்லையென்றால் பீட்டா-கேட்டனின் உட்கருவுக்குள் போய், பிரிந்துகொண்டே இரு என்று ஓயாமல் உத்தரவு போடும். பாலிப் முளைக்கும். அதுவும் இன்னும் புற்றுநோய் ஆகிவிடவில்லை. செல் பிரிவதைத் தூண்டும் கேராஸ் என்ற மரபணு முறுக்கேற வேண்டும், வளர்ச்சியை அடக்கும் ஸ்மாட்4 போக வேண்டும், பழுதான செல்லை நிறுத்தும் டிபி53 போக வேண்டும். 1990இல் ஃபியரன், வோகல்ஸ்டீன் என்ற இரண்டு புற்றுநோய் ஆய்வாளர்கள் முன்வைத்த படிநிலை இது. எல்லாருக்கும் இதே வரிசையில் நடப்பதில்லை, பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதுதான் முக்கியம். அதற்குப் பொதுவாகப் பல வருடங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் பாலிப்பை எடுத்துவிட்டால், மிச்சப் படிகளை ஏற அந்தச் செல்களே இருக்காது. இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

கொலனோஸ்கோபியில் கஷ்டமே முந்தின நாள் பேதி மருந்துதான். மயக்க மருந்து கொடுத்ததால் மற்றதெல்லாம் தெரியவில்லை. சில பாலிப்களை எடுத்தார்கள், பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை. இனி வருடா வருடம் வர வேண்டும். சிறுகுடலின் தொடக்கத்திலும் பாலிப் வரக்கூடும் என்பதால் எண்டோஸ்கோபியும் உண்டு. எடுத்து மாளாத அளவுக்குப் பெருகினால் பெருங்குடலையே அகற்ற வேண்டிவரும் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அப்பாவின் தம்பி என்பதால் சித்தப்பாவுக்கும் இந்தப் பிழை இருக்கலாம். அவர்தான் பரிசோதனைக்கு இன்னும் பிடிகொடுக்கவில்லை. "எனக்கு வயிறு நல்லாத்தானேப்பா இருக்கு" என்கிறார். பாலிப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது என்று அவருடைய மகளிடம் சொல்லி, அப்பாவின் ரிப்போர்ட்டில் பிழையின் இடம் குறித்திருக்கும் பக்கத்தை அனுப்பிவைத்தேன். அது கையில் இருந்தால் லேபில் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.